வேப்பூர் ரோட்டுல விழுந்த பொண்ணு

விருத்தாசலம்,
14.8.2005

அன்பு மவ துர்காவுக்கு அம்மா எழுதறது. பழமலைநாதர் புண்ணியத்துல நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாம இருக்கோம். பாட்டியாலா சைக்கிள் கேம்ப்புல நீ சொகமான்னு உன்னக் கேக்கப் போறதில்ல, உன் ரூம்ல தங்கியிருக்கற மலையாளத்துப் பொண்ணே சொல்லிடுச்சு. நீ கடைக்குப் போயிருந்தப்ப நான் போன் பண்ணனே, அப்ப அது அரைகுறைத் தமிழ்ல, துர்காவுக்கு எலும்பு கூடிடுச்சு ஆண்ட்டி, பயப்படாதீங்கன்னுச்சு. எந்த எலும்புன்னு கேட்டேன். டிராக்குல விழுந்து காறையெலும்பு ஒடஞ்சு, கட்டுப் போட்டு, கட்டும் பிரிச்சாச்சாம். எங்ககிட்ட நீ ஜலதோஷம்னு சொன்ன, நானும் மிளகு ரசம் வச்சிக் குடின்னு சொன்னேன்.

அன்னையிலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. பீங்கான் கம்பெனியில ஃபியூஸ் கட்டைக்குப் பிசிறு எடுக்கறப்ப நெனப்பு எங்கியோ போயி, இன்னும் சூளையில சுடாத கட்டையெல்லாம் ஒடையுது, சூப்பர்வைசர் நடராசன் என்னாக்கா ஒடம்பு சரியில்லன்னா வூட்டுக்குப் போயேன்னாரு. வூட்டுக்கு வந்தா மட்டும் என்னா, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கறேன். சைக்கிள் கடை பக்கிரிகிட்ட கேட்டேன். நீ டிராக்குல ஓட்டற சைக்கிளுக்குப் பிரேக்கே கெடையாதாமே. மாசி மகத் திருவிழாவுல மரணக்கிணத்துல பைக்கு சுத்தறதப் பாத்துட்டு நான் கண்ண மூடிக்கிட்டேன், அதுமாதிரி சரிஞ்ச தளத்துல பிரேக்கு இல்லாம நீ சுத்துறன்னு இத்தினி வருசமா எனக்குத் தெரியாது. அந்த வாரமே நீ போன் பண்ணி, பெல்ஜியத்துல ரோடு ரேஸு டீம் ஒண்ணு கூப்பிடுது, சம்பளத்துக்கு ஓட்டலாம், ஆனா கெடச்சிருக்கற ரெயில்வே வேலைய விடணும், நீங்க சரின்னாத்தான் போவேன்ன. அப்பா கையில இருக்கறத விடாதன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. அவருக்கு அப்ப எலும்பு விசயம் தெரியாது. நான்தான் அதுவரைக்கும் சொல்லாம வச்சிருந்தேன்.

சைக்கிள் ரேஸுன்னா என்னான்னு ஒரு தடவையாவது கண்ணால பாத்துடணும்னு வைராக்கியம் வந்துடுச்சு. போன ஞாயித்துக்கெழம வேப்பூர் ஹைவேஸ்ல மாநில செலக்சன் ரேஸு நடக்குதுன்னு பக்கிரி சொன்னாரு. கூட வேல செய்யற தனக்கோடிய இழுத்துக்கிட்டு மொத பஸ்ஸு புடிச்சேன். பரோட்டா கடையோரமா நின்னோம். போலீஸ் ஜீப்பு போச்சு, பசங்க போனாங்க, பின்னால பொண்ணுங்க வந்தாங்க, குளவிக்கூடு கலைஞ்சாப்பல ஒரு சத்தம். எங்களுக்கு நேரா வர்றப்ப ஒரு பொண்ணோட சக்கரம் முன்னால போறவ சக்கரத்துல உரசி, அப்படியே ரோட்டுல தேச்சிக்கிட்டுப் போய் விழுந்துச்சு. நான் எப்ப ஓடினேன்னு எனக்கே தெரியல. முழங்கையும் தொடையும் தோலு உரிஞ்சு ரத்தமா கெடக்குது. முந்தானையால தொடைக்கப் போனா, விடுங்கம்மா, சைக்கிள எடுத்துக் குடுங்கங்குது. தூக்கினா ஒரு குடம் தண்ணி கனம்கூட இல்ல, இதுமேலயா உங்க உசுர வச்சிருக்கீங்க. ஏறி ஒக்காந்துச்சு, காலு மிதிக்க மாட்டேங்குது. நான் முதுவுல கைய வச்சித் தள்ளிக்கிட்டே ஓடினேன். பின்னால கார்ல வந்த ரேஸு நடத்தறவரு, யாரும் தள்ளக்கூடாது தள்ளக்கூடாதுன்னு மைக்குல கத்தறாரு. எனக்கு ஒரே பயம், நான் தள்ளினதால அந்தப் பொண்ண நிறுத்திடுவாங்களோன்னு.

அதனால வூட்டுக்கு வர மனசு வரல. தனக்கோடி திட்டிக்கிட்டே கூட நின்னா. ரேஸு உளுந்தூர்பேட்ட பக்கம் போயித் திரும்பி அங்கியேதான் முடியணும். செயிச்சவங்க வந்தாச்சு, ரேஸுக்குப் போட்ட பந்தலப் பிரிக்கறாங்க, வெயில் ஏறிடுச்சு, அப்பறமா ஒத்தையா வந்துச்சு அந்தப் பொண்ணு. நானும் தனக்கோடியும் மட்டும் கை தட்டினோம். எறங்கினதும் வாந்தி எடுத்துச்சு. தண்ணி குடுத்து, ஏம்மா, செலக்ட் ஆக மாட்டன்னு தெரிஞ்சும் ஏன் இப்படி ஓட்டினன்னு கேட்டேன். பாதியில எறங்கினா வண்டியில ஏத்திட்டு வருவாங்க, வூட்டுக்குத் தெரிஞ்சிடும், தெரிஞ்சா அடுத்த ரேஸுக்கு அனுப்ப மாட்டாங்கன்னுச்சு. பெண்ணாடத்துக் கரும்பு வெவசாயி மவளாம், பேரு அன்புக்கரசி. காயத்த எப்படிடி மறைப்பன்னா, முழுக்கை சட்ட போட்டுக்குவேன் ஆண்ட்டின்னு சிரிக்குது. எனக்கு அந்தச் சிரிப்பப் பாக்க முடியல.

வூட்டுக்கு வந்து அப்பாகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன், உன் எலும்பு விசயத்தையும் சேத்து. சோத்துல கைய வச்சவரு அப்படியே எழுந்துட்டாரு. மறுநாளு சொல்லாம கொள்ளாம ஜங்சனுக்குப் போயி, அங்க வேல பாக்கற விருத்தகிரிகிட்ட, உன்னோட ரெயில்வே வேலைய ஒரு வருசம் நிறுத்தி வைப்பாங்களான்னு கேட்டிருக்காரு. அதெல்லாம் நடக்காது மாமான்னுட்டாராம். வந்து திண்ணையில ஒக்காந்தாரு. அப்பறமா, நம்ம பொண்ணு விழறதுக்குப் பயப்படல கண்ணம்மா, நமக்குத்தான் பயந்திருக்குதுன்னாரு. அதுக்குமேல போன்னும் சொல்லல, போவாதன்னும் சொல்லல, சும்மா வேல பாக்கற சூளைக்குப் போறதும் வர்றதுமா இருக்காரு.

நான் சொல்றேன், நீ போ. எனக்குப் பயம் போயிடுச்சுன்னு நெனைக்காத. இத எழுதறப்பவே எழுந்து எழுந்து வாசலுக்குப் போயிட்டு வரேன். பெல்ஜியத்துல கல்லு பாவின ரோட்டுலயும் ஓட விடுவாங்கன்னு பக்கிரி வேற சொல்லி வச்சிருக்காரு. ஆனா ஒண்ணு, விழுந்தா மொதல்ல எங்களுக்குச் சொல்லு. நான் அழுவேன், அழுதுட்டுப் போறேன், அதுக்காகத் திரும்பி வான்னு கூப்பிட மாட்டேன். தலைக்கு எண்ணெ வை, வேளைக்குச் சாப்பிடு, அந்த மலையாளத்துப் பொண்ணத் திட்டாத. வேல வேணாம்னு ரெயில்வேக்கு எழுதறப்ப மரியாதையா எழுது. பெரியநாயகி அம்மன் உனக்குத் தொணையிருக்கட்டும், நூறு வயசுக்கு நல்லா இரு.

இப்படிக்கு உன் அம்மா,
த. கண்ணம்மாள்

எழுதினத அப்பாவுக்குப் படிச்சிக் காட்டினேன். பேனாவ வாங்கிக்கிட்டாரு.

துர்கா, அங்க குளுரு ஜாஸ்தின்னு சொல்றாங்க. கனமா ஸ்வெட்டரு ரெண்டு வாங்கிக்க. போயிட்டு வா.
– அப்பா, தங்கராசு