ஸஹ்ராவின் கையிலிருந்து வரும் அலை

என் உயிர் ராத்தாவுக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். பெண்கள் நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதால், கபுறடியில் நின்று சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ராத்தா. யாரிடம் போய்ச் சொல்வேன்?

உங்கள் மகள் ஸஹ்ராவுக்கும் உங்களுடைய சீனி வருத்தம்தான், அதே நீரிழிவு. நீங்கள் மௌத்தான பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. இப்போது பத்து வயது, தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். நீங்கள் ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்புவீர்களே, அந்தப் பயம் அவளுக்கு இல்லை. அதெல்லாம் சேர்த்து எனக்கு வந்துவிட்டது.

மச்சான் கட்டாரிலிருந்து மகளுக்கு ஒரு சென்சர் அனுப்பியிருக்கிறார். கையின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை. பக்கத்தில் இருந்தால் சீனியின் அளவை என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சீனி இறங்கினால் போன் கத்தும். உங்கள் கையில் அன்றைக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று எத்தனை முறை நினைத்துவிட்டேன்.

அந்த வில்லை பேசும் விதம்தான் நான் படித்த படிப்பு. அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் கம்பியில்லாத் தொடர்பு என்று நான் சொன்னதும், "என்னகா, தவளைக்கா படிக்கப் போறாய்?" என்று சிரித்தீர்கள். ஓம் ராத்தா, தவளைப் படிப்புத்தான். ஒரே இடத்தில் நின்று பேசினால் மற்றவர்களின் இரைச்சலில் பேச்சு அமுங்கிவிடும். அதனால் வில்லையும் போனும் தங்களுக்குள் பேசிவைத்த ஒழுங்கில், கண் இமைப்பதற்குள் பல அலைவரிசைகளுக்குத் தாவும், இரைச்சலான அலைவரிசைகளை விட்டுவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதி, இரண்டும் மங்கிப்போவதும் உண்டு. ஓர் அலைவரிசை மங்குகிற இடத்தில் இன்னொன்று தப்பி வந்துவிடும். இதைத்தான் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மருதமுனையில் ஒரு கல்யாணம். மண்டபம் நிறைய சனம், ஆளுக்கொரு போன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் போனில் எண் போய், வெறும் கோடு வந்தது. எல்லாம் தெரிந்தவள் அல்லவா நான்? இத்தனை போன் இருந்தால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், இப்போது தாவி வந்துவிடும் என்று கதைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கடைசியாகக் கண்ட எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி, சீனி இறங்குகிறது என்று, கீழே பார்த்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஸஹ்ராவக் கண்டீங்களா?" என்று கண்டவர்களிடமெல்லாம் கேட்டு ஓடினேன். மாப்பிள்ளையின் மாமி கையைக் காட்டினா.

"அந்தா, கதிரையில படுத்திரிக்கா. எழுப்பாதகா, புள்ள களைச்சுப்போய் நல்ல நித்திர."

ராத்தா, நோன்பை விடச் சொன்ன டாக்டருக்கு ஓம் ஓம் என்றுவிட்டு, எங்களுக்கு மறைத்து நீங்கள் நோன்பு பிடித்த அந்தப் பின்னேரம், இதையேதான் நாங்களும் சொன்னோம். நோன்பாளி உறங்கட்டும் என்று வாசலில் விளையாடிய பிள்ளைகளைக்கூட அதட்டி அனுப்பினோம்.

உங்கள் மகள் இரண்டு கதிரைகளைச் சேர்த்துப்போட்டு, வில்லை இருந்த கையின் மேலேயே படுத்திருந்தாள். உடம்பில் உள்ள தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். எல்லா அலைவரிசையும் ஒன்றாகச் சாகும்போது எதிலிருந்து எதற்குத் தாவுவது? புரட்டினேன். நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். சர்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தேன். அப்போதுதான் என் போன் கத்தத் தொடங்கியது.

மறுநாள் தலை வாரிவிடும்போது கேட்டாள்.

"சாச்சி, உம்மாவும் இப்பிடித்தான் நித்திரையானாவா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் மகள்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உம்மாக்கு நோகல்ல சாச்சி. எனக்கும் ஒண்டும் நோகல்லதானே."

உங்களுக்கு நொந்ததா என்று இத்தனை வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தேன். உங்கள் மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். வாரியபடியே அழுதேன். மௌத்து நோகாமல் வந்து கூட்டிக்கொண்டு போகிறதே, அதுதான் எனக்கு இன்னும் பயம்.

இனி அவள் எங்கே கண்ணயர்ந்தாலும் எழுப்புவேன். திட்டட்டும், கத்தட்டும், கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் வந்து எழுப்புவேன். உங்களுக்கு அவளைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். இப்போதைக்கு அனுப்ப மாட்டேன், ராத்தா. கோபிக்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு இப்போது உம்மாவாகவும் இருக்கிற,
உங்கள் தங்கச்சி
கல்முனைக்குடி