கார்த்திகைக் கிரகணமும் ஆவணியில் மூடும் உதடும்

திருப்பாதிரிப்புலியூர்,
வைகாசி, 1966

சிரஞ்சீவி தேவநாதனுக்கு அம்மா ஆசீர்வாதம். பாடலீசுவரர் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, உன் தங்கை திலகவதி, உன் மனைவி செங்கமலம், உன் மகன் எல்லோரும் சுகம். பிலாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மகன் என்று நான் எழுதியதை இன்னொரு முறை படித்துக்கொள். உன் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை, "அது" "அது" என்றுதான் எழுதியிருக்கிறாய். கிரகணத்தன்று செங்கமலத்தை யார் வெளியே விட்டது, அரிவாள்மணையைத் தொட்டாளா, அது சரியாகிற வரைக்கும் நான் வந்து என்ன செய்யப் போகிறேன் என்று இரண்டு பக்கம். இரும்பு உருக்குகிற அத்தனை பெரிய தொழிற்சாலையில் என்ஜினீயராக இருக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் காட்டினால், பதில் எழுதறது உன் பாடு என்று ஈசிசேரில் சாய்ந்துவிட்டார். அவர் என்றைக்கு எனக்குக் கை கொடுத்திருக்கிறார்?

உனக்கு இதையெல்லாம் எழுதியது உன் அத்தை சௌந்தரம்தான் என்று எனக்குத் தெரியாதா? பங்குனியில் குழந்தை பிறந்ததும் மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருக்கிறதைப் பார்த்துவிட்டு, "கிரகணத்துல காய் நறுக்கியிருப்பா" என்று ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. செங்கமலத்துக்குத் தாய் இல்லை, பிறந்த வீட்டிலிருந்து வந்து ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்க ஆளில்லை. டாக்டர், வாய்க்குள் அண்ணமெல்லாம் நன்றாக இருக்கிறது, உதடு மட்டும்தான், தைத்துவிடலாம் என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. யாராவது வாசல்படி ஏறினால் போதும், இவள் குழந்தை முகத்தில் துணியைப் போட்டுவிடுவாள். வெயில் காலத்தில் பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டாதா? நான் எடுப்பேன், அவள் மூடுவாள். பாலாடையில் பால் புகட்டும்போதுகூட வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் புகட்டினாள்.

இந்தக் கண்றாவி போதாதென்று காலேஜ் லீவுக்குச் சிதம்பரத்திலிருந்து உன் தங்கை வந்து இறங்கினாள். துணிமணி கொஞ்சம், விலங்கியல் புத்தகம் ஒரு பெட்டி. நாலாம் நாள் பின்தெரு மாரியம்மாள் வீட்டில் அடைகாக்கிற கோழியிடமிருந்து ஒரு முட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முட்டை நுழையாத வீடு இது. நான் கத்தினேன். "உடைக்க மாட்டேம்மா, வெளிச்சம் காட்டிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்" என்று அப்பாவின் டார்ச்சோடு நெல் அறைக்குள் போனாள். செங்கமலத்தையும் இழுத்துக்கொண்டு போனாள். நானும் திட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஓட்டுக்குள்ளே சிவப்பாக ஒரு பொட்டு, அதைச் சுற்றிச் சிலந்தி கால் மாதிரி நரம்புகள். அந்தப் பொட்டு துடித்தது தேவநாதா.

அதற்குப் பிறகு அவள் வாயை மூட முடியவில்லை. மாவாட்ட வாடி என்றால் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து கரு எப்படி வளர்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் கதையைச் சொல்லுவாள், மாவை நான்தான் தள்ளிக்கொடுக்க வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க தேசத்தில் ஒருவர் அடைமுட்டைகளைத் தினம் ஒன்றாக உடைத்து, நாங்கள் பார்த்த அதே துடிப்பைப் பார்த்து எழுதி வைத்தாராம். பிற்பாடு பூதக்கண்ணாடி வந்ததும் பெரிய பெரிய படிப்பாளிகள், வித்துக்குள்ளேயே கை கால் முகத்தோடு முழு மனுஷன் மடங்கி உட்கார்ந்திருக்கிறான், வயிற்றில் அவன் பெரிசாவதுதான் பாக்கி என்று சாதித்தார்களாம். ஒரு வாலிப டாக்டர் மட்டும், முதலில் உருவமே கிடையாது, தட்டையான ஏடுதான் மடங்கிச் சுருண்டு குடலாகிறது, ஒவ்வொன்றாகத்தான் உண்டாகிறது என்று முட்டையைக் காட்டிச் சொன்னாராம். பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் செத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்களாம். இன்னொருவர் இரண்டு கருவைச் சாராயத்தில் போட்டு வைத்துப் பெயர் எழுத மறந்துபோய், அது பல்லியா பறவையா மிருகமா என்று அவருக்கே தெரியாமல் திண்டாடினாராம், ஆரம்பத்தில் எல்லாம் அப்படி ஒன்றுபோல் இருக்குமாம். இதையெல்லாம் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது, கல்யாணம் பண்ணிக் கொடுக்கிற வயசில் இது என்ன படிப்பு என்று நான் அலுத்துக்கொண்டது நிஜம்.

போன வெள்ளிக்கிழமை உன் அத்தை வந்தார்கள். செங்கமலம் காபி கொண்டு வந்து வைக்கிறாள், அவள் எதிரிலேயே, "ஆண்டவன் முழுசாத்தான் குடுத்தான், இவ கிரகணத்துல அறுத்துட்டா" என்றார்கள். நான் வாய் திறக்குமுன் திலகவதி எழுந்துவிட்டாள். "முழுசா வரதில்ல அத்தை. வெள்ளைக்காரப் படிப்பாளிங்களே நூறு வருஷம் உங்கள மாதிரிதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. முகம் தனித்தனித் துண்டா வந்து மூக்குக்குக் கீழ ஒட்டுது. ரெண்டாம் மாசமே ஒட்டி முடிஞ்சிடும். அண்ணிக்கு அது ஆவணி. கிரகணம் வந்தது கார்த்திகையில. கார்த்திகை கிரகணம் ஆவணியில மூடற உதட்ட எப்படி அறுக்கும்?" என்றாள். அத்தை விடுவார்களா? "அப்ப ஆவணியில இவ என்னா பண்ணா?" என்றார்கள். திலகவதி அத்தையின் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஏன் சில பேருக்கு ஒட்டலன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது அத்தை. இத்தன காலம் பாத்தவங்களுக்கே தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். அத்தை காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். பெரியவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று அப்பா இவளைக் கோபித்துக்கொண்டார். அத்தையை ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லை.

அத்தை போனதும் செங்கமலம் தானாக வந்து திலகவதியிடம், உன் புத்தகத்தில் முகம் ஒட்டுகிற படத்தைக் காட்டு என்றாள். பிறக்காமல் போன கருக்களை ஒரு படிப்பாளி சன்னமாகச் சீவி, அதைப் பார்த்து மெழுகில் செய்து வைத்த முகமாம், அதன் படம். நெற்றியிலிருந்து இறங்கி வருகிற துண்டு, இரண்டு கன்னத்திலிருந்து வருகிற துண்டு, நடுவில் பிளவு. "எல்லாருக்கும் இப்படியா இருந்துது?" என்று கேட்டாள். எல்லோருக்கும்தான் என்றாள் திலகவதி. "ஒங்க அண்ணனுக்கும்?" என்றாள். அண்ணனுக்கும்தான் என்றாள். செங்கமலம் ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் உள்ளே போய்க் குழந்தையை முற்றத்து வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, முகத்தில் துணியில்லாமல் மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். நானும் பார்த்தேன், அவனுக்கு உன் நெற்றி.

இதைக் கேள் தேவநாதா. உனக்கும் என் வயிற்றில் உதடு பிளந்துதான் இருந்திருக்கிறது. அது மூடிக்கொண்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது, மூடுவதற்காக நான் எதுவும் செய்யவில்லை. மூடாமல் போவதற்கு அவளும் எதுவும் செய்யவில்லை. இதற்கு மேல் உனக்கு எப்படிச் சொல்வது?

ஆனி மாதம் குழந்தைக்கு எடை ஏறியதும் மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறோம். தைத்த பிறகு வந்து பார்க்கிறேன் என்று எழுதாதே, அந்தப் பேச்சே வேண்டாம். லீவு சொல்லிவிட்டு அதற்கு முன்னால் வந்து சேர். அவன் பிறந்த முகத்தை அப்பன் பார்க்கவே இல்லை என்று நாளைக்கு அவன் காதில் விழக் கூடாது. ரயில் தண்ணீரைக் குடிக்காதே, கூஜாவில் காய்ச்சிய தண்ணீர் எடுத்துக்கொள். செங்கமலத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, இன்றைக்கே எழுது. தீர்க்காயுசாக இருக்க ஈசுவரனை வேண்டுகிறேன்.

உன்னைப் பெற்ற
ஞானாம்பாள்