பொன்னுத்தங்கத்தின் கை

நாரணாபுரம்,
ஆகஸ்ட் 10.

அன்புள்ள பிரீத்திகா அப்பாவுக்கு,

அகமதாபாத்தில் முறுக்குக் கடை வேலை எப்படிப் போகிறது? நின்று நின்று காலில் வந்த வீக்கம் வடிந்ததா? எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், நான் சொல்லச் சொல்ல பிரீத்திகாதான் எழுதுகிறாள். போனில் சொன்னால் அடுத்த ரயிலிலேயே ஏறிவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

பயப்படாதீர்கள். என் வலது கை வெந்துவிட்டது. விரல் ஐந்தும் இருக்கின்றன. இரண்டு மட்டும் இன்னும் மடங்கவில்லை.

போன மாதம் என்கூட வேலை பார்க்கும் பொன்னுத்தங்கத்தின் மகனுக்குக் காய்ச்சல். ஒருநாள் லீவு போட்டாலும் தீபாவளி போனஸைக் குறைத்துவிடுவார்கள் என்று அழுதாள். பட்டாசுக் கம்பெனி நோட்டில் அவளுக்குப் பேர் உண்டு, இ.எஸ்.ஐ. அட்டை உண்டு. எனக்குத்தான் பதினோரு வருஷமாக, அடுத்த சீசனில் ஏற்றிவிடலாம் என்ற பேச்சு. அன்றைக்கு அவள் பேரில் நான் போனேன். எல்லாரும் செய்வதுதானே? திரி வெட்டும்போது பொறி பறந்து தீப்பிடித்துவிட்டது. போர்மேன் சங்கரபாண்டியன் அவள் அட்டையைக் காட்டித்தான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அதிலிருந்து ஒரே கூத்து. காகிதத்தில் வெந்தது பொன்னுத்தங்கத்தின் கை. அதனால் அவளும் வேலைக்குப் போக முடியாது. தெருவில் அதிகாரி மாதிரி யார் வந்தாலும் நல்ல கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ஒரு நினைப்பு வந்து அந்தச் சிரிப்பும் போய்விட்டது. அன்றைக்கு நான் செத்திருந்தால், நம் பிள்ளை எந்தத் தாளைக் காட்டி நியாயம் கேட்டிருக்கும்?

இதைச் சொன்னதும் பிரீத்திகா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். முகம் கழுவிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தாள்.

இருபதாம் தேதி விசாரணைக்கு அதிகாரி வருகிறார். பொன்னுத்தங்கம் என்றே சொல்லிவிடு, வைத்தியம் தடையில்லாமல் நடக்கும் என்கிறார் சங்கரபாண்டியன். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகுமாம். பொன்னுத்தங்கத்திடமே கேட்டேன். அந்தச் சுற்றுத் துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, "ஏட்டி, உன் பேரையே சொல்லு, நானும் கூட வாரேன்" என்றாள்.

சொல்லப் போகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டு கிளம்பி வர வேண்டாம். இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு போன் மட்டும் செய்யுங்கள். எப்போதும் போல 'பிரீத்திகா அம்மா' என்று கூப்பிடாமல், என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் வாயால் ஒருதரம் கேட்டுக்கொண்டால் அன்றைக்கு எனக்கு நாக்குக் குழறாது.

எண்ணெய்ச் சட்டிப் பக்கம் கவனமாக இருங்கள். கையெழுத்து மட்டும் நான் போடுகிறேன், இடது கையால்.

இப்படிக்கு,
பத்திரகாளி