கூலண்ட் தொட்டியில் சாமந்தி

6 அக்டோபர் 2025, திங்கள்
ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று ஆலை திறந்தது. இயந்திரங்களுக்குச் சூட்டிய மாலைகளை எவரும் கழற்றவில்லை. உதிர்ந்த சாமந்தியும் பொரியும் இயந்திரங்களைக் குளிர்விக்கும் கூலண்ட் தொட்டியில் விழுந்து, ஓடாத எண்ணெய்நீரில் விடுமுறை முழுதும் ஊறியிருக்கின்றன. மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சை ஆடை. "சாமி கும்பிட்ட பொறவு மெஷினு செத்த எலி கணக்கா நாறுதே சார்" என்றான் ஆபரேட்டர் இசக்கியப்பன். உற்பத்தி லைனில் தரம் பார்ப்பவன் நான்; தொட்டியைக் கழுவ வேண்டும் என்றேன். பிளான்ட் ஹெட் வெங்கடேசன் மறுத்தார், உற்பத்தி நிற்குமாம். வாசனை பினாயில் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள்.

12 நவம்பர்
மாலையானால் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல். ஞாயிறன்று இல்லை. தண்டலத்து மருத்துவர் மூன்றாம் முறையாக ஆன்டிபயாடிக்கை மாற்றினார்.

20 ஜனவரி 2026
பொங்கலுக்கு வீட்டிலிருந்த வரை இருமவில்லை. நேற்று மீண்டும் கூலண்ட் சாரல் பறக்கும் லைனில் நின்றேன். மாலையே படுத்துவிட்டேன்.

3 பிப்ரவரி
ஸ்கேன் பார்த்த நுரையீரல் மருத்துவர் அமலா சொன்னார்: "பூஞ்சை உங்க லங்ஸ்ல வளரல சார். அதோட தூள் போனதுக்கே உங்க உடம்பு சண்டைக்கு நிக்குது. முதல்ல அந்த எடத்தை விட்டு வாங்க. அப்பதான் மாத்திரை கேக்கும்."

நுண்ணுயிரியலில் முதுகலை படித்தவன் நான். விழுங்கணுக்கள் அந்தத் தூளை விழுங்குகின்றன, நிணநீரணுக்களை அழைக்கின்றன, அவை திரண்டு, நடக்காத படையெடுப்புக்கு எதிராகச் சுவர் எழுப்புகின்றன. காற்று புக வேண்டிய இடத்தில் சுவர். இதைத் தேர்வில் 'பாதுகாப்பு' என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

5 பிப்ரவரி
அலுவலகப் பகுதிக்கு இடமாற்றம் கேட்டேன். வெங்கடேசன் சிரித்தார். "இன்னா சார், எம்.எஸ்சி. படிச்சிட்டு பூஞ்சக் காளானுக்குப் பயந்துகினு? அதே லைன்ல இசக்கி நல்லாத்தானே இருக்கான்? ஆடிட் முடியட்டும், பாக்கலாம்."

எல்லா உடம்பும் இப்படிப் போரிடுவதில்லை என்று விளக்கினேன். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அறைக் கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறது, தொட்டியின் வாடை உள்ளே வராதிருக்க.

வேலையை விட்டால் மருத்துவக் காப்பீடும் போகும். ஐம்பத்தாறு வயதில் எவன் எடுப்பான்?

14 மார்ச்
லைனில் நின்றேன். பேசினால் மூச்சு வாங்குகிறது. யார்கிட்ட போய்ச் சொல்ல — சொல்லித்தான் என்ன ஆகப்போவுது?

9 ஏப்ரல்
ஆடிட்டர்கள் வருகிறார்களென்று தொட்டியைக் கழுவிவிட்டார்கள். அரை ஷிப்டு கூட ஆகவில்லை. அரை ஷிப்டு!

28 ஏப்ரல்
இடமாற்ற உத்தரவு வந்தது. "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் பாத்தீங்களா?" என்று வெங்கடேசன் கை குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

அமலா புதிய ஸ்கேனை விளக்கின் முன் நெடுநேரம் பிடித்திருந்தார். தொட்டி கழுவிய பிறகு அழற்சி அடங்கியிருக்கிறது, ஆனால் தழும்பு மறையாது என்றார். பிப்ரவரியிலேயே விலகியிருந்தால்? கேட்டேன். அவர் ஸ்கேனை உறைக்குள் திரும்பப் போட்டார்.

10 மே, ஞாயிறு
மாடியறையிலிருந்த என் துணிகளையும் தலையணையையும் என் மனைவி சந்திரலேகா கீழே கொண்டுவந்து, கூடத்துக் கட்டிலில் வைத்தாள். நேற்று மாடிப்படியின் பாதியில் நான் மூச்சு வாங்கி உட்கார்ந்ததைப் பார்த்திருந்தாள். நான் தலையணையைத் தட்டிப் போட்டேன்.