இது யாரு பேப்பரு?

என் மாமாவுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய லண்டன் பேப்பர் படத்தைப் பார்த்தேன். வெளிநாட்டு ஆட்கள் வந்து குவிகிறார்கள் என்று முதல் பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே, "இந்த ஊரு நமக்கு ஆகாது, நீ வர வேணாம்" என்று ஒரே வரி எழுதிவிட்டீர்கள். விசா வந்த அன்றே நான் கட்டிய பெட்டி கட்டிலடியில் கிடக்கிறது.

நம் செல்லூர் டீக்கடையில் பேப்பரைத் தொடும் முன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? "அண்ணே, இது யாரு பேப்பரு?" எந்தக் கட்சிக்காரர் நடத்துவது என்று தெரிந்த பிறகுதான் பிரிப்பீர்கள். அங்கே போய் அதைக் கேட்காமலே பயந்துவிட்டீர்கள்.

நான் தேடிப் பார்த்தேன். அந்தப் பேப்பர் முதலாளி பெரிய கோடீஸ்வரர். அவரே அந்த நாட்டில் குடியிருக்கவில்லையாம்! தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மட்டும் வெளிநாட்டில் இருந்துகொண்டே எழுதச் சொல்வாராம். ஊரில் யார் இருக்கலாம், யார் கூடாது என்று சொல்ல அவர் யார்?

நீங்கள் நர்ஸாக இருக்கும் வார்டில் அதே பேப்பரைப் படிக்கும் பெரியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைச் சொல்லலப்பா, மத்தவங்களத்தான்" என்றாராம். உங்களுக்கு அது வலித்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. தினமும் படித்தும், பழகிய ஆளை வெறுக்க அவருக்கு வரவில்லையே.

அவரிடம் சொல்லிவையுங்கள்: "அந்த மத்தவங்கள்ல ஒருத்தி வெள்ளிக்கிழமை வாரா. என் பொண்டாட்டி."

பெட்டியைத் தூக்கிவிட்ட,
உங்கள் வீட்டுக்காரி