ஒரு மணி நேரம் நிற்காத மெஷின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகம், சுகமில்லாமல் கிடந்தது வாஷிங் மெஷின் ஒன்றுதான், நீ அங்கே சுகம் என்று சொல்வதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, துள்ளிய மெஷினைக் கட்டிப்பிடித்து நிறுத்தப் போய் என் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது, நான் சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுகிறான். (அக்கா, மெஷின் துணியைத்தான் பிழியும், அம்மா என்னைப் பிழிகிறாள்.) இரண்டு மாதமாகவே அது கரகரவென்றது. முதலில் மாடிவீட்டுக்காரர் சுவரைத் துளைக்கிறார் என்று சந்தேகப்பட்டேன், அடுத்து உன் தம்பி கல்லைப் போட்டுவிட்டான் என்று அவன் பையைக் குடைந்தேன். (கல் போட்டது போன வருஷம். இந்த வருஷம் நான் நிரபராதி.) பிறகு துணி சொட்டச் சொட்ட வந்தது, அடியில் தண்ணீர் கசிந்தது, கடைசியில் மெஷினே குளியலறை வாசல் வரை நடந்து வந்துவிட்டது. மெக்கானிக் காலி டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னார், உள்ளே மணல் அரைபடுவது போலிருந்தது. "பேரிங் போச்சும்மா. ரெண்டு மாசமா அது உங்ககிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றார். கழற்றிய பேரிங்கை நானே சுற்றிப் பார்த்த பிறகுதான் அவருக்கு டீ கொடுத்தேன்.

இப்போது உன் விஷயம். ஞாயிறுதோறும் நீ பேசும்போது பின்னால் ஒரே இரைச்சல், கேட்டால் "மெஷின் ஓடுதும்மா, பழசு, அதான் கத்துது" என்கிறாய். போன ஞாயிறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டு மெஷின் தண்ணீர் பிடிக்க நிற்கும், வடிக்க நிற்கும், எவ்வளவு பழுதானாலும் ஒரு மணி நேரம் விடாமல் சுற்றாது என்று மெக்கானிக்கும் சொன்னார். அதோடு ஒரு மெஷின் பிழியும்போதே இன்னொன்றில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. நடுவில் யாரோ கூப்பிட, நீ "இதோ வரேன் சார்" என்றாய். உன் குளியலறையில் சார் யார்? ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்றாயே, ஆறு மாதமாக அந்த நாற்காலியைப் பற்றிப் பேச்சே இல்லை, கால் வலிக்கிறது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாய். உட்கார்ந்தே இருப்பவளுக்குக் கால் ஏன் வலிக்கிறது? (நான் வக்கீலுக்குப் படிக்கவே வேண்டாம் அக்கா, வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.) நீ சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பது எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்த ஆபீஸ் வேலை போன அன்று யாரிடமும் சொல்லாமல் தனியாக அழுதிருப்பாயே, அதுதான் உறுத்துகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் உன் மெஷின்தான் கத்துகிறது என்று நம்புகிறார், அவர் எதையும் நம்புவார்.

கேட்டால் இன்னொரு பொய் சொல்வாய், அதனால் போனில் கேட்கப் போவதில்லை. இத்துடன் ஒரு ஜோடி ஷூ அனுப்புகிறேன், ஈரத் தரையில் வழுக்காது, நாள் முழுக்க நின்றாலும் குதிகால் நோகாது என்று கடைக்காரர் சொன்னார், உன் தம்பியைச் சோப்புத் தண்ணீரில் நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். (இரண்டு தடவை.) வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் ஷூவைத் திருப்பி அனுப்பிவிடு. ஷூ திரும்பி வரவில்லையென்றால் நான் புரிந்துகொள்கிறேன், வேறு பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
(இந்த வரி மட்டும் இடது கையால் நானே எழுதியது)