அரிசி டின் மேல் வைத்த போன்

கோட்டயம்,
பாதி நோம்பு கழிந்த வியாழன்.

மோளே ரீபா, கர்த்தரின் கிருபையால் நாங்கள் இருவரும் இங்கே நலம். அயர்லாந்துக் குளிரில் நீயும் ஜெய்சனும் நலமாக இருக்க தினமும் முழங்கால் போடுகிறேன். ஜெய்சன் பெயரையும் சொல்லித்தான் போடுகிறேன், அதை உன் அப்பச்சனிடம் கேட்டுக்கொள். அவருக்கு முட்டுவலி பரவாயில்லை, நோம்பு பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு முக்கிலுள்ள டீக்கடையில் முட்டை தின்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம், மீசை அப்படித்தான் மணக்கிறது. போனில் சொல்ல வாய் வராத ஒரு காரியம், அதனால்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகு காகிதமும் பேனாவும்.

நம் பங்கு விகாரி ஸ்கறியா அச்சன் குடும்ப வாழ்வைப் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எந்த வீட்டிலோ அந்த வீட்டுக்காரர் ஒரு அத்தியாயம் வாசிக்க வேண்டும். நம் வீட்டு முறைக்கு வந்தது ஏழாம் அத்தியாயம். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்க உன் அப்பச்சன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார், ஒரு வீட்டில் மகள் பெந்தகோஸ்துக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாளாம், கழுத்தில் மின்னுத் தாலி இல்லை, கையில் பொட்டுத் தங்கம் இல்லை, தூரதேசத்திலிருந்து அவள் கூப்பிட்டபோது தாய் போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாளாம், மகள் டின்னிடம் பேசிக்கொண்டிருந்தாளாம். அது அப்படியே நம் வீட்டுக் கதை, மோளே. உன் அப்பச்சன் அந்தப் பக்கத்தோடு நிறுத்தி, கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்றார். கட்டன்காப்பி குடிக்கும்போது ஒருத்தி கூட என் முகத்தைப் பார்க்கவில்லை, அதிலேயே தெரியவில்லையா! அன்றைக்கே புத்தகத்தை மூடி அலமாரிக்கு மேலே எறிந்தேன்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று மூன்று வாரம் தூக்கமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நீ கூப்பிட்ட அன்று அடுக்களைப் படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் என் தம்பி பெண்டாட்டி, உன் அம்மாயி அன்னக்குட்டி. அவள் வாயில்தான் எதுவும் தங்காதே. ஞாயிறு ஆராதனை முடிந்து பள்ளி முற்றத்தில் பிடித்துக் கேட்டேன், "சேச்சி, எனக்குக் கண்ணுல செதில் தெறிச்சுக்கிட்டு இருந்துச்சு, உங்க போனையா பாத்துக்கிட்டு இருந்தேன்? மனசு உறுத்துறவங்க ஊரையே சந்தேகப்படட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பேச்சில்லை. பிறகு உன் அப்பச்சன். அச்சனிடம் கும்பசாரத்தில் தன் பாவத்தைச் சொல்லாமல் என் பாவத்தைச் சொல்லியிருப்பாரோ என்று ஒரு நாள் முழுக்கக் குடைந்தேன், "எம் பாவமே சொல்லி முடியல, உன்னோடதுக்கு எங்கடி நேரம்" என்றார். கடைசியில் அச்சன் மேலேயே திரும்பியது. போன வருடம் அவர் கஷ்ட அனுபவ வார ஆராதனை நடத்த அங்கே அயர்லாந்துக்கு வந்தபோது உனக்கு எலுமிச்சை அச்சார் கொடுத்துவிட்டவளே நான், எனக்கா இப்படி என்று அவர் கையால் குர்பானா அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். நேற்று அவரே நம் வீட்டுக்கு வந்தார். முறுக்கிக்கொண்டுதான் நின்றேன். அவர் கோபப்படவில்லை, "அம்மச்சி, அந்த அத்தியாயத்தை முழுசா வாசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். வாசித்தேன் என்று பொய் சொன்னேன், அதுவும் நோம்பில்.

அவர் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன், வேறென்ன எழுதி நாறடித்திருக்கிறார் பார்ப்போம் என்றுதான். மறுபக்கத்தில் நாலே வரி. மகளுக்குத் தெரியும், தாய் போன் பக்கத்தில் இல்லை என்று. ஆனாலும் வைக்கவில்லை. தேங்காய் துருவும் சத்தம் கேட்டது, சந்தியா ஜெபப் பாட்டில் தாய் மூன்றாம் அடியை மறந்து இரண்டாம் அடியையே திரும்பப் பாடியது கேட்டது, சார்ஜ் தீர்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன், வீட்டில் இருப்பது போல இருந்தது என்று மகள் சொன்னாளாம்.

சொன்னது நீதான். உன் கையால் சோறு தின்றுவிட்டு, உன்னிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். மோளே, நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஸ்டூலிலிருந்து இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன். இன்று காலை அன்னக்குட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், கதவைப் பாதிதான் திறந்தாள், ஆனாலும் காப்பி தந்தாள், சர்க்கரை இல்லாமல்.

நீங்கள் இருவரும் தீங்கின்றி இருக்கக் கர்த்தர் உங்கள் வாசலைக் காக்கட்டும். ஜெய்சனுக்கு அச்சார் இன்னும் காரமாக வேண்டுமா என்று கேட்டு எழுது. இதை உன் அப்பச்சன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் ஸ்டாம்ப் ஒட்டுவார், படிக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. அன்றைக்கு நீ அந்த டின்னிடம் என்ன சொன்னாய் என்று புத்தகத்தில் இல்லை. கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டு முதலிலிருந்து சொல். நான் தேங்காய் துருவிக்கொண்டுதான் இருப்பேன், போன் காதில் இருக்கும்.

உன் அம்மச்சி,
சோசாம்மா